எஞ்சினியர் வீட்டு நாயும் என் மெஸ் வாளியும்

கொழிஞ்சாம்பாறை ரோட்டில் மாடி வைத்து ஓட்டல் கட்டிய முதல் ஆள் நான். மறையூரில் பஸ் நிற்கிற இடத்தில் சாப்பாட்டுக் கடை போட்டவனும் நான்தான். அங்கே கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சுகிறவர்கள் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவருவார்கள், உன் கடையில் ஈதான் உட்காரும் என்றார்கள். கடை இன்றைக்கும் நடக்கிறது. பெருமாட்டியில் தென்னந்தோப்பு, பாலக்காடு டவுனில் லாட்ஜ், என் பெயரில் ஒரு அரிசி மில். என் அத்தா எனக்கு விட்டுப் போனது ஒரு கரண்டியும் ஒரு கோபமும். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. பெரிய பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு நான் இலை போட்டிருக்கிறேன், அவர்கள் கணக்கை நான் வாயாலேயே கூட்டியிருக்கிறேன்.

ஓட்டல் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் முன்பக்கத்தைப் பற்றித்தான். கல்லாவை எங்கே வைப்பது, பரோட்டா மாஸ்டரை எப்படி வேலையில் பிடித்து வைப்பது, இப்படி. பின்பக்கத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. பின்பக்கத்தில் ஒரு வாளி இருக்கும். சட்டியில் மிஞ்சியது எல்லாம் அதில் விழும். என் பிழைப்பு ஆரம்பித்த இடத்திலேயே முடிந்துபோக இருந்தது, அந்த வாளியால். அதை யாரும் எழுதவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

1. தகரக் கொட்டகை

வாளையார்ப் பக்கம் அப்போது ஓர் அணைக்கட்டு வேலை நடந்தது. ஐம்பதுகளின் ஆரம்பம். கேரளம் என்று ஒரு மாநிலம் இன்னும் பிறக்கவில்லை, பாலக்காடெல்லாம் மதராசுக்குள் இருந்தது. கல் உடைக்கிறவர்கள், கான்கிரீட் ஆட்கள், லாரி டிரைவர்கள், ஆபீஸ்காரர்கள் என்று அந்தக் கேம்ப் ஒரு சின்ன ஊர். அத்தனை பேருக்கும் மதியச் சோறு என் தகரக் கொட்டகை மெஸ்ஸில். என் வீட்டுக்காரி மரியம் அரைப்பாள், நான் சமைப்பேன். மெஸ் நடத்த எஞ்சினியர் ஒரு வார்த்தை சொன்னதால் இடம் கிடைத்தது. அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போக வேண்டியதுதான்.

என் குழம்புக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது சின்ன வெங்காயம். முழுசு முழுசாகப் போட்டு, நல்லெண்ணெயில் நிறம் மாறுகிற வரைக்கும் வதக்குவேன். சாம்பாரில் வெங்காயம், கறிக் குழம்பில் கறிக்குச் சமமாக வெங்காயம், பொரியலுக்கு மேலே வறுத்த வெங்காயம். லாரி டிரைவர்கள் கோயமுத்தூரில் சாப்பிடாமல் பசியோடு வந்து என்னிடம் சாப்பிடுவார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினியர் கல்பாத்தி அய்யர். குவார்ட்டர்ஸில் அவர் சம்சாரம் ஆசாரமானவர், எல்லோரும் மாமி என்போம். அந்த வீட்டு அடுப்பில் வெங்காயமும் பூண்டும் ஏறாது. அதனால் சாயங்காலம் சைட்டைப் பார்வையிடுகிற சாக்கில் எஞ்சினியர் என் கொட்டகைக்குப் பின்னால் வந்து நிற்பார். நான் வெங்காய பஜ்ஜியை இலையில் மூடிக் கொடுப்பேன். சாப்பிட்டுவிட்டு ஏலக்காய் மென்றுகொண்டு வீட்டுக்குப் போவார். இது எங்கள் இரண்டு பேருக்குள் இருந்த விஷயம். இப்போது அவர்கள் யாரும் இல்லை, எழுதலாம்.

அவர் வீட்டு நாய் ஜிம்மி. பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் நிமிர்ந்து நிற்கும். மாமி போடுகிற ரசஞ்சாதம், மோர்சாதம் தின்று கன்றுக்குட்டி மாதிரி வளர்ந்திருந்தது. ஒருநாள் என் கொட்டகைக்குள் புகுந்து, உரித்துத் தொங்கவிட்டிருந்த ஆட்டுத் தொடையை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டது. நான் விறகுக் கட்டையோடு பின்னால் ஓடினேன். கேம்ப் முழுக்கப் பார்க்க, "இன்னொருக்கா இங்க வந்தா சோத்துல எதையாச்சும் வெச்சுப்போடுவேன்" என்று கத்தினேன். அது கோபத்தில் வந்த வார்த்தை. அந்த வார்த்தை எங்கே போய் நிற்கும் என்று அன்று எனக்குத் தெரியாது.

கொஞ்ச நாள் கழித்து எஞ்சினியருக்கு மதராசில் ஆபீஸ் வேலை வந்தது. மாமி தங்கை கல்யாணத்துக்குத் தஞ்சாவூர் போக, வீடு பூட்டப்பட்டது. எஞ்சினியர் நாயைக் கயிற்றில் பிடித்து என்னிடம் கொண்டுவந்தார்.

"ராவுத்தரே, நம்மாத்து ஜிம்மியை நீர்தான் பாத்துக்கணும். மிச்சம் மீதி எதாவது போட்டா மதியாக்கும், அது போறும்."

"சாமி, இது எங்கூட்டு ஆட்டுத் தொடையத் தின்ன நாய்ங்க."

"அதனாலதான் கொண்டுவந்தேன். உம்ம சமையல் அதுக்குப் பிடிச்சுப் போயிடுத்து." சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "மாமிக்கு அது பிள்ளை மாதிரி. அதுக்கு ஒண்ணுன்னா எனக்கு ஆத்துல சாதம் கிடையாது. உமக்கும் இங்கே அடுப்பு கிடையாது, கேட்டேளா."

அவர் விளையாட்டாகச் சொன்னார் என்றுதான் நினைத்தேன்.

2. வெள்ளைக் கற்கள்

எங்கள் வீடுகளில் நாயைத் தொடுகிற வழக்கம் இல்லை. தொட்டால் முறைப்படிக் கழுவ வேண்டும், அதன் எச்சில் பட்ட துணியோடு தொழ முடியாது. அதனால் கொட்டகைக்கு வெளியே வேப்பமரத்தில் கட்டி, ஒரு மண்சட்டி வைத்து, வாளியிலிருந்து எட்ட நின்றே ஊற்றினேன். ஆனால் சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. எஞ்சினியர் வீட்டு நாய்க்கு எச்சில் இலையை வழித்தா போடுவேன்? சட்டியில் மிஞ்சிய சாதம், அடிக் குழம்பு, வெங்காயத்தோடு கறித்துண்டு. ஆபீசர்கள் சாப்பிட்ட அதே குழம்பு. நாய் சட்டியை நக்கி நக்கிப் பளபளவென்று ஆக்கியது. மாமி வந்து பார்த்தால் அடையாளம் தெரியாமல் திகைப்பார் என்று மரியமிடம் பெருமை பேசினேன்.

பிறகு ஒருநாள் நான் போனபோது நாய் எழுந்து நிற்கவில்லை. வால் மட்டும் ஆடியது. சோம்பல் என்று நினைத்தேன்.

கேம்ப் ஆபீஸுக்குப் போகிற பாதையின் இரண்டு ஓரமும் கற்களை அடுக்கிச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அவிழ்த்துவிட்டதும் ஜிம்மி தள்ளாடிப் போய் அந்தக் கல் ஒன்றின் மேல் காலைத் தூக்கியது. வெள்ளைக் கல்லில் சிவப்பாக வழிந்தது. கடுங்காப்பி மாதிரி, அதைவிடச் சிவப்பு. ஆபீஸுக்கு மஸ்டரில் பேர் பதிய வந்த ஆட்கள் பூராவும் பார்த்தார்கள்.

ஸ்டோர் கீப்பர் அங்கே நின்றார். பெருமாட்டிப் பக்கத்துக் கவுண்டர், வீட்டில் தோட்டம் துரவு உண்டு, பொழுதுபோக்குக்கு உத்தியோகம் பார்க்கிறவர். என் மெஸ் இடத்தில் அவர் மச்சினனைக் கொண்டுவர வேண்டும் என்று அவருக்கு ஓர் எண்ணம் முதலிலிருந்தே இருந்தது.

"ஏனுங்க ராவுத்தரே," என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி, "சோத்துல வெச்சுப்போடுவேன்னு அன்னிக்குச் சொன்னீங்களே. வெச்சாச்சுங்களா?"

"நான் எதையும் வெக்கலீங்க. நீங்க தின்ன அதே சட்டியில இருந்துதான் ஊத்துனேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

3. வரிசை

பிள்ளைகளே, என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நாய்க்குத் தனியாக எதையோ போட்டேன் என்றால் நான் விஷம் வைத்தவன். மெஸ் சட்டியிலிருந்து போட்டேன் என்றால் என் சட்டி கெட்ட சட்டி. இரண்டில் எதைச் சொன்னாலும் தகரத்தைக் கழற்ற வேண்டும். நடுவில் வேறு வழி ஏதும் எனக்குத் தெரியவில்லை.

அன்று மதியம் வரிசை பாதியாகிவிட்டது. வந்தவர்களும் சோற்றைப் பிசைவதற்கு முன்னால் விரலால் கிளறிப் பார்த்தார்கள். கான்கிரீட் ஆள் ஒருவர் கேட்டார்: "அண்ணே, குழம்பு வேணாம். மோர் மட்டும் ஊத்துங்க." என் கையால் பத்து ஊர் சாப்பிட்டிருக்கிறது. ஒருவரும் என்னிடம் குழம்பு வேண்டாம் என்று சொன்னதில்லை.

நான் ஒரு காரியம் செய்தேன். எல்லோரும் பார்க்க நடுவில் இலை போட்டு உட்கார்ந்து, அதே குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

கவுண்டர் பல் குத்திக்கொண்டே பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க தின்னு என்னங்க ஆகப்போகுது. நீங்க என்ன நாயா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது அவமானமாகப் பட்டது, அவ்வளவுதான். அதற்குள் இருந்த விஷயம் அப்போது எனக்குத் தட்டுப்படவில்லை.

4. மிருகாஸ்பத்திரி

சிமெண்ட் ஏற்ற பாலக்காடு போகிற லாரியில் நாயைச் சாக்கில் கிடத்திக் கொண்டுபோனேன். மிருகாஸ்பத்திரி டாக்டர் மலையாளி, நல்ல மனுஷன், பாதித் தமிழ் பேசுவார்.

"எந்தா ராவுத்தரே, வாயைத் திறந்து ஈறு நோக்கியோ?"

"நாங்க நாயத் தொடறதில்லைங்க."

"தொடாத ஆளுக்கு எப்படி அசுகம் தெரியும்? பிடிக்கணும்."

பிடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நாயின் தாடையைப் பிடித்துத் திறந்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு துவைத்த வேட்டி மாதிரி வெளுத்திருந்தது. அது என் கையைக் கடிக்கவில்லை, நக்கியது. எனக்கு என்னவோ செய்தது.

"உண்ணிப் பனி போல இருக்கு," என்றார் டாக்டர். அவர் பாஷையில் பனி என்றால் காய்ச்சல். மயிரை விலக்கி விலக்கி உண்ணி தேடினார். ஒன்றுகூட இல்லை. மாமி வாரம் தவறாமல் வேப்பெண்ணெய் தடவுகிற நாய் அது. டாக்டர் தலையைச் சொறிந்தார். "இப்போ உறப்பாச் சொல்ல முடியாது. கஞ்சித் தண்ணி மட்டும் கொடும். வேறொண்ணும் வேண்டா."

வீட்டு வாசலில் மரியம் குடத்தோடு நின்றாள். "குளிச்சிட்டுத்தான் உள்ள வரணும்," என்றாள். பிறகு நாயைப் பார்த்துவிட்டு, "ஏங்க, அது பொழைச்சுக்குமா? இந்தக் கொட்டகை போனா நம்ம எங்கங்க போறது?" என்றாள். நான் குடத்தை வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டேன்.

5. ஈரல்

கஞ்சித் தண்ணீரில் நாய் தேறியது. கல்லின் மேல் விழுந்தது மஞ்சளுக்கு வந்தது. எழுந்து நடந்தது. என் வரிசையும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. எஞ்சினியர் சீக்கிரம் திரும்புகிறார் என்று ஆபீஸில் தகவல் வந்தது. அவர் வருவதற்குள் நாயைப் பழைய ஜிம்மியாக நிறுத்திவிட வேண்டும் என்று எனக்கு வெறி.

ரத்தம் ஊறுவதற்கு ஈரல் நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். ஆட்டு ஈரலைப் பதமாக, நிறைய வெங்காயம் வதக்கி வறுத்து, சோற்றோடு பிசைந்து நானே ஊட்டினேன். இப்போது எட்ட நிற்கவில்லை, பக்கத்தில் குந்தி உட்கார்ந்துதான். விடாமல் போட்டேன்.

மறுபடியும் சிவப்பு. இந்தத் தடவை முன்னைவிட மோசம். நாய் வேப்பமரத்தடியில் பக்கவாட்டில் கிடந்து வேக வேகமாக மூச்சு வாங்கியது. கண் என்னையே பார்த்தது.

நான் அடுப்பை அணைக்காமல் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சோறு அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. மரியம் கூப்பிட்டாள், எழுந்திருக்கவில்லை. இந்த நாய் செத்தால் என் பெயரில் இந்த ஜில்லாவில் எங்கும் இனி அடுப்பு எரியாது என்று தெரிந்தது.

6. கவுண்டர் தோட்டத்து மாடு

அங்கே கவுண்டர் வந்தார். கேலி செய்யத்தான் வந்தார், ஆனால் நாயைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. எவ்வளவு பகை இருந்தாலும் அவர் மாடு கன்று வளர்த்த மனுஷன்.

"இப்பிடித்தானுங்க எங்கூட்டு மயிலைப் பசு கெடந்துச்சு," என்றார்.

"எதனால?"

"அழுகல் வெங்காயத்த மூட்டையா அள்ளித் தொட்டியில போட்டுட்டான் பண்ணையத்து ஆளு. இதே செவப்பு மோண்டு, ஈறு வெளுத்து, செத்துப் போச்சுங்க. மாட்டுக்கு ஒத்துக்காது. மனுசன் தின்னுக்குவான்."

நான் அவரைப் பார்த்தேன். நீங்க என்ன நாயா என்று அவர் கேட்டது காதில் திரும்பக் கேட்டது. நான் நாய் இல்லை. லாரி டிரைவர் நாய் இல்லை. அதே குழம்பைத் தின்று நாங்கள் எல்லோரும் கல்லுமாதிரி இருக்கிறோம். அதனால் சட்டி கெட்ட சட்டி இல்லை. நான் விஷமும் வைக்கவில்லை. எனக்குத் தெரியாமல் இருந்த மூன்றாவது வழி இதுதான்.

"மாட்டுக்கு ஒத்துக்காதது நாய்க்கு?" என்றேன்.

"நாய்க்கு யாருங்க வெங்காயம் போடறது?" என்றார் கவுண்டர். அதற்கு மேல் அவர் ஒன்றும் யோசிக்கவில்லை. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

யோசித்தவன் நான். இத்தனை வருஷம் மாமி வீட்டு மிச்சத்தைத் தின்று வளர்ந்த நாய், என் வீட்டு மிச்சத்தைத் தின்று ஏன் விழுந்தது? மாமியும் சோறுதான் போட்டார், நானும் சோறுதான் போட்டேன். கறி காரணமா? என் ஆட்டுத் தொடையை முழுசாகத் தின்றபோது அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போது அது பச்சைக் கறி, வெங்காயம் சேராதது. கஞ்சி கொடுத்தபோது தேறியது, ஈரல் கொடுத்தபோது விழுந்தது. அந்த வீட்டில் இல்லாதது, என் வீட்டில் எல்லாச் சட்டியிலும் இருப்பது எது? எஞ்சினியர் ஏலக்காய் மென்றுகொண்டு போகிற காட்சி கண் முன்னால் வந்தது.

எழுந்து போய் வாளியைக் கவிழ்த்தேன். அன்று முதல் தனியாக ஒரு சின்னப் பானையில் வெறும் சாதமும் மோரும், பிறகு உப்பில்லாமல் வேகவைத்த கறியும். வெங்காயம் நறுக்கிய கத்தியைக்கூட அந்தப் பானைக்குப் பக்கத்தில் வைக்க விடவில்லை.

7. மாமியின் கேள்வி

எஞ்சினியரும் மாமியும் வந்து இறங்கியபோது ஜிம்மி எழுந்து நிற்கும், நாலு எட்டு வைக்கும், உட்கார்ந்துவிடும். ஈறில் இளஞ்சிவப்பு வர ஆரம்பித்திருந்தது. ஆனால் எலும்பு தெரிந்தது. மாமி மண்ணில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

எஞ்சினியர் என்னைப் பார்த்த பார்வையில் பஜ்ஜி தின்ற சிநேகம் துளியும் இல்லை. "ராவுத்தரே, நீர் எதையோ வெக்கறேன்னு சொன்னதாக் கேட்டேன்."

"சொன்னேன் சாமி, கோவத்துல. ஆனா வெச்சது வெங்காயம். தெரியாம வெச்சது."

"வெங்காயமா?" என்றார் மாமி.

"ஆமாங்கம்மா. உங்கூட்டுல வெங்காயம் கெடையாது. அதனால அது நல்லா இருந்துச்சு. என் குழம்பு பூராவும் வெங்காயம். நிறுத்துன பொறகு எந்திரிச்சு நடக்குது, பாருங்க."

மாமி நிமிர்ந்தார். "எங்காத்துல வெங்காயம் கெடையாதுன்னு உமக்கு எப்படித் தெரியும்? நீர் எங்காத்து அடுக்களைக்கு வந்ததில்லையே."

எஞ்சினியர் முகத்தில் ரத்தம் இல்லை. ஜிம்மியின் ஈறுக்குப் போட்டியாக வெளுத்துவிட்டது. என் மெஸ் அவர் வாயில் இருந்தது, அவர் சாதம் என் வாயில் இருந்தது.

"வாசல்ல போறப்போ வாசனை வராதுங்களே அம்மா," என்றேன். "அத வெச்சுத்தான்."

எஞ்சினியர் சட்டென்று குறுக்கே வந்தார். "ராவுத்தர் சொல்றது நியாயமாத்தான் படறது. ஜிம்மி நடக்கட்டும், பாப்போம்."

நாய் நடந்தது. பிறகு ஓடியது. என் தகரம் கழற்றப்படவில்லை. வரிசை பழையபடி நீண்டது. மோர் கேட்ட கான்கிரீட் ஆள் வந்து, "அண்ணே, குழம்பு கொஞ்சம் தூக்கலா ஊத்துங்க" என்றார். நான் இரண்டு கரண்டி ஊற்றினேன்.

அந்த அணை முடிகிற வரை நான் அங்கே மெஸ் நடத்தினேன். அதிலிருந்துதான் மற்ற எல்லாம்.

நான் கற்றதும், எனக்கு வர வேண்டியதும்

வீட்டு நாய்க்கு மிச்சம் போடலாமா, கூடாதா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இது. வெறும் சாதம் போடுங்கள், மோர் ஊற்றுங்கள், மசாலா தொடாத கறி கொடுங்கள். வெங்காயம் பட்ட எதையும் போடாதீர்கள், குழம்பை வடித்துவிட்டாலும் போடாதீர்கள். நமக்கு ருசியானது அதற்கும் நல்லதாக இருக்கும் என்று பெருமைக்குப் போடாதீர்கள். நான் பிரியத்தோடு போட்டதுதான் அந்த நாயைக் கொல்லப் பார்த்தது. என் ஓட்டல்கள் எல்லாவற்றிலும் பின்பக்கத்தில் இரண்டு வாளி. ஒன்று குழிக்கு, ஒன்று நாய்க்கு. இதைச் செய்தது இந்தப் பக்கத்தில் நான்தான் முதலில்.

இனி என் கணக்கு. நான் பாலக்காட்டுக்குப் போய் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர், "மாட்டுக்கு உள்ளி ஆகாதுன்னு கேட்டிருக்கு, நாயைப் பற்றி நோக்கணும்" என்றார். உள்ளி என்றால் அவர் பாஷையில் வெங்காயம். நோக்கினார், நான் சொன்னது சரி என்றார். கேம்ப்பில் எஞ்சினியர் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்: மிருக டாக்டரின் ஆலோசனைப்படி நாய்களுக்கு வெங்காயம் போட வேண்டாம் என்று. கவுண்டர் சாகிற வரைக்கும் கல்யாண வீடுகளில், நான்தான் ராவுத்தருக்குச் சொன்னேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது மாட்டை. நாயைச் சொன்னது நான். மாட்டுக்கும் நாய்க்கும் நடுவில் இருந்த தூரத்தை ஒரு நாயின் பக்கத்தில் உட்கார்ந்து, என் சோறு அடிப்பிடிக்க, நான் நடந்து கடந்தேன்.

அந்த மிருகாஸ்பத்திரிச் சுவரில் இன்றைக்கும் மலையாளத்தில் எழுதியிருக்கிறது, நாய்க்கு உள்ளி கொடுக்கக் கூடாது என்று. போன மாதம் என் பேரனின் நாய்க்கு ஊசி போடப் போனபோது பார்த்தேன். கீழே ஆஸ்பத்திரி பெயர் இருக்கிறது. அதற்கும் கீழே ஒரு சாண் இடம் வெறுமையாக இருக்கிறது. அங்கே, இதைக் கண்டுபிடித்தவர் மெஸ் ராவுத்தர் என்று எழுத வேண்டும். தமிழில் எழுதினாலும் சரி, மலையாளத்தில் எழுதினாலும் சரி. பெயிண்ட்டும் பிரஷ்ஷும் நான் வாங்கித் தருகிறேன், ஏணி என் மில்லில் இருக்கிறது.